ஊருக்கு இணையம் வேண்டும்: எவ்வளவு வேண்டும்?



"ஆழம் அறியாமல் காலை விடாதே" என்பது நம் முன்னோர் மொழி. கிணறு வெட்டுமுன் நீரோட்டம் பார்க்கிறோம். வீடு கட்டுமுன் மண்ணைப் பார்க்கிறோம். கல்யாணத்திற்குச் சமைக்குமுன் எத்தனை இலை விழும் என்று எண்ணிப் பார்த்தே அரிசியை அளக்கிறோம். ஆனால் ஒரு கிராமத்திற்கு இணைய வசதி கொண்டு வரும்போது மட்டும், "கம்பி வந்தால் போதும்" என்று பலர் எண்ணிவிடுகின்றனர். அந்த ஊருக்கு எவ்வளவு வேண்டும், எதற்கு வேண்டும், யாருக்கு இன்னும் எட்டவில்லை என்பதை முதலில் அளந்து அறிதல் வேண்டும். அவ்வாறு அளக்கும் முறையைக் கற்பதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்து, பொறுமையாக வீடுவீடாகச் சென்று கேட்கும் மனமும் இருந்தால் போதும்.

பிராட்பேண்ட் என்பது யாது?

பிராட்பேண்ட் என்பதை அகன்ற அலைவரிசை எனத் தமிழில் கூறலாம். குறுகிய ஒற்றையடிப் பாதையில் ஒரு சைக்கிள் போகும். அகன்ற நெடுஞ்சாலையில் பல வண்டிகள் ஒரே நேரத்தில் போகும். அதுபோல ஒரு விநாடியில் எவ்வளவு செய்தி கடந்து செல்கிறது என்பதே இணையத்தின் அகலம். இதனை பிட் என்னும் அலகால் அளப்பர். பத்து இலட்சம் பிட் கொண்டது ஒரு மெகாபிட். ஆயிரம் மெகாபிட் ஒரு கிகாபிட்.

எந்த அகலத்திற்கு மேற்பட்டதைப் பிராட்பேண்ட் என்று அழைப்பது? இந்த வரையறை காலந்தோறும் உயர்ந்துகொண்டே வந்திருக்கிறது. நம் நாட்டில் 2004-ஆம் ஆண்டின் கொள்கைப்படி விநாடிக்கு 256 கிலோபிட் இருந்தால் பிராட்பேண்ட். 2013-இல் அது 512 கிலோபிட் ஆயிற்று. 2023-இல் 2 மெகாபிட் ஆக உயர்த்தப்பட்டது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் அளவுகோல் எட்டு மடங்கு நீண்டுவிட்டது. இன்றைய தேவையை மட்டும் எண்ணிக் கம்பி போட்டால் நாளைக்குப் போதாது என்ற பாடம் இதிலேயே அடங்கியிருக்கிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 250 மெகாபைட் அளவுள்ள பாடநூல் தொகுப்பு ஒன்றை இறக்க வேண்டும். ஒரு பைட்டுக்கு எட்டுப் பிட். ஆகவே 250 × 8 = 2,000 மெகாபிட். வேகம் விநாடிக்கு 2 மெகாபிட் என்றால் 1,000 விநாடிகள், அதாவது சுமார் 17 நிமிடங்கள் ஆகும். வேகம் 256 கிலோபிட் என்றால் அதே நூலுக்கு இரண்டு மணி நேரத்திற்கும் மேலாகும். அதற்குள் கரண்ட் போய்விட்டால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க நேரும். நகரத்துப் பிள்ளை பாடத்தைப் படித்து முடித்திருக்கும் நேரத்தில் கிராமத்துப் பிள்ளை இன்னும் திரையைப் பார்த்துக் காத்திருப்பாள். வேகம் என்பது ஆடம்பரமன்று என்பதை இதனால் உணரலாம்.

முதலில் கேட்டார்கள், பிறகு கொடுத்தார்கள்

நம் மண்ணிலேயே ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. 1998-ஆம் ஆண்டில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிப் பகுதியில் கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் அதன் மையமாக விளங்கியது. எம்பலம், வீராம்பட்டினம் முதலிய ஊர்களில் மையங்கள் திறக்கப்பட்டன.

அவர்கள் கணினியைத் தூக்கிக்கொண்டு நேரே ஊருக்குள் நுழையவில்லை. மக்கள் இப்போது எந்தெந்தச் செய்தியை யாரிடமிருந்து பெறுகிறார்கள், எந்தச் செய்தி கிடைக்காமல் துன்பப்படுகிறார்கள் என்று முதலில் விசாரித்தார்கள். கடைக்காரரும் அக்கம்பக்கத்தாருமே பெரும்பாலோர்க்குச் செய்தி தருபவர்கள் என்று தெரிந்தது. ஊர்தோறும் தேவை வேறு என்பதும் தெரிந்தது. உழவர் ஊருக்கு விதை, விலை, அரசு உதவித் திட்டம் ஆகியவை பற்றிய செய்தி வேண்டும். மீனவர் ஊருக்கோ எல்லாவற்றிலும் முதலாவதாகக் கடலின் நிலை தெரிய வேண்டும். ஆகவே வீராம்பட்டினத்தில் அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பை இணையத்திலிருந்து எடுத்து, ஒலிபெருக்கியில் தமிழில் அறிவித்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் கேட்டுப் பயன்பெற்றனர்.

அக்காலத்தில் தொலைபேசிக் கம்பிகள் நம்பத்தக்கவையாக இல்லை. எனவே வானொலி அலை வழியே கிராமங்களை இணைத்தார்கள். மின்தடை அடிக்கடி ஏற்பட்டதால் சூரிய மின்சாரத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். மையம் யாவரும் தடையின்றி வந்து செல்லும் பொது இடத்தில் இருத்தல் வேண்டும் என்று விதித்தார்கள். மையங்களை நடத்தும் பணியில் கிராமப் பெண்கள் பலர் ஈடுபட்டனர். கருவி எது என்பதை ஊரின் நிலைமையைப் பார்த்தபின் முடிவு செய்தார்கள் என்பதே இதில் நாம் கவனிக்க வேண்டியது.

இதன் பயன் எத்தகையது என்பதை 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் உலகம் கண்டது. புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்னும் மீனவ ஊரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அப்போது சிங்கப்பூரில் இருந்தார். ஆழிப்பேரலை பற்றி அறிந்ததும் ஊருக்குத் தொலைபேசியில் எச்சரித்தார். ஊரார் அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் அதை அறிவித்தனர். மக்கள் கரையை விட்டு ஓடித் தப்பினர். ஏறத்தாழ 3,600 பேர் உயிர் பிழைத்தனர். படகுகளும் வீடுகளும் அழிந்தன, உயிர்கள் அழியவில்லை. ஒரு தொலைபேசி அழைப்பு, ஓர் ஒலிபெருக்கி, செய்தியைக் கேட்டுப் பழகிய ஓர் ஊர் என்னும் மூன்றும் சேர்ந்ததனாலன்றோ இது நடந்தது! கம்பி மட்டும் இருந்து, செய்தியை ஊருக்குச் சொல்லும் ஏற்பாடு இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அளக்கும் முறை

ஓர் ஊராட்சியின் தேவையை அறிய ஐந்து காரியங்களைச் செய்ய வேண்டும்.

முதலாவது, ஊரின் வரைபடம். குக்கிராமங்கள், தெருக்கள், பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம், ரேஷன் கடை, ஊராட்சி மன்ற அலுவலகம், பால் சங்கம், மின்கம்பங்கள், செல்பேசிக் கோபுரம் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். பிரதான ஊரில் இணையம் வந்திருக்கும். இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காலனிக்கு எட்டியிராது. வரைபடம் இதை உடனே காட்டிவிடும்.

இரண்டாவது, வீடுகளின் கணக்கு. எத்தனை வீடுகள், எத்தனை வீடுகளில் செல்பேசி, எத்தனையில் கணினி, மாதம் எவ்வளவு செலவிட இயலும் என்று கேட்க வேண்டும். "உங்கள் வீட்டில் போன் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டு நிறுத்தலாகாது. "அந்தப் போன் பகலில் யார் கையில் இருக்கிறது?" என்றும் கேட்க வேண்டும். அப்பா வேலைக்கு எடுத்துச் சென்றுவிட்டால் வீட்டில் போன் இருந்தும் மகளுக்குப் பயனில்லை.

மூன்றாவது, பொது நிறுவனங்களின் தேவை. இவற்றுள் சிலவற்றிற்கு வேகம் வேண்டும். சிலவற்றிற்குத் தடையின்மையே முக்கியம். ரேஷன் கடையில் விரல்ரேகை வைத்துப் பொருள் வாங்கும் கருவிக்கு மிகச் சிறிய அளவு இணையமே போதும். ஆனால் அது ஒரு மணி நேரம் அறுந்துவிட்டாலும், கூலி வேலையை விட்டு வந்து வரிசையில் நிற்கும் அம்மாள் அரிசி இல்லாமல் திரும்ப நேரிடும். வேகத்தையும் நம்பகத்தையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டுவது இதனாலேயே.

நான்காவது, இப்போதுள்ள வசதியை அளத்தல். செல்பேசியில் வேகம் அளக்கும் செயலிகள் உள்ளன. ஒரே இடத்தில் ஒரு முறை அளந்தால் போதாது. காலை, மதியம், இரவு என மூன்று வேளையும், ஒரு வாரம் முழுவதும், ஊரின் நான்கு மூலைகளிலும் அளக்க வேண்டும். செல்பேசிக் கோபுரம் தெருக்குழாயைப் போன்றது. ஒருவர் பிடித்தால் குடம் விரைவில் நிறையும். நாற்பது பேர் ஒரே நேரத்தில் நின்றால் சொட்டுச் சொட்டாகவே வரும். இரவு எட்டு மணிக்கு அளந்தால்தான் உண்மை நிலை புலப்படும். மின்தடை எத்தனை மணி நேரம் என்பதையும் உடன் எழுதிக்கொள்க.

ஐந்தாவது, கூடி ஆராய்தல். திரட்டிய விவரத்தைக் கிராம சபையில் வைத்து மக்களிடமே சரிபார்க்க வேண்டும். சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் நம் ஊராட்சிகளில் கிராம சபை கூடும். வாக்காளர் அனைவரும் அதன் உறுப்பினரே.

ஒரு மாதிரிக் கணக்கு

கற்பனையாக ஓர் ஊராட்சியை எடுத்துக்கொள்வோம். அதில் 600 வீடுகள். ஓர் உயர்நிலைப்பள்ளி, ஒரு சுகாதார நிலையம், ஒரு ரேஷன் கடை, ஊராட்சி அலுவலகம், பால் சங்கம் உள்ளன.

பகல் 11 மணிக்கு எவ்வளவு தேவை? பள்ளியில் 30 கணினிகள், ஒவ்வொன்றுக்கும் 2 மெகாபிட் வீதம் 60. சுகாதார நிலையத்தில் திரைவழி மருத்துவ ஆலோசனைக்கும் பதிவேட்டுக்கும் 4. மற்ற மூன்று இடங்களுக்கும் சேர்த்து 6. அந்நேரத்தில் இணையத்தில் இருக்கும் வீடுகள் 100 என்றால், 2 மெகாபிட் வீதம் 200. ஆக மொத்தம் 270 மெகாபிட்.

இரவு 8 மணிக்கு எவ்வளவு? 600 வீடுகளில் 400 வீடுகள் இணைப்புப் பெறும் என்று கொள்வோம். அவற்றுள் பத்துக்கு நான்கு வீதம் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் 160 வீடுகள். பாடமோ படமோ பார்க்க வீட்டிற்கு 3 மெகாபிட் வீதம் 480 மெகாபிட்.

இப்போது 270-ஐயும் 480-ஐயும் கூட்டி 750 என்று எழுதலாமா? கூடாது. பள்ளி மூடிய பிறகே வீடுகளில் கூட்டம். ஆகவே எந்த நேரத்தில் தேவை உச்சமோ அதையே கொள்ள வேண்டும். 400 வீட்டையும் 3-ஆல் பெருக்கி 1,200 என்று எழுதுவதும் தவறு. எல்லோரும் ஒரே நொடியில் பயன்படுத்துவதில்லை. குறைத்துக் கணக்கிட்டால் மக்கள் துன்புறுவர். கூட்டிக் கணக்கிட்டால் பொதுப்பணம் வீணாகும்.

ஆக இன்றைய உச்சத் தேவை 480 மெகாபிட். சில ஆண்டுகளில் இது இரு மடங்காகும் என்று கொண்டால் 960. ஏறத்தாழ ஒரு கிகாபிட். இவ்வூருக்குத் திட்டமிட வேண்டிய அளவு இதுவே.

இதே ஊருக்கு 100 மெகாபிட் மட்டும் கிடைத்தால்? இரவில் 160 வீடுகளுக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 0.625 மெகாபிட். இது 2 மெகாபிட் என்னும் இன்றைய வரையறையில் மூன்றில் ஒரு பங்கும் இல்லை. ஊரில் கம்பி இருக்கும்; ஆனால் பிராட்பேண்ட் இருக்காது!

நாடு கற்ற பாடம்

இந்த 100 மெகாபிட் என்னும் எண் வெறும் கற்பனையன்று. 2011-ஆம் ஆண்டு அக்டோபரில் மத்திய அமைச்சரவை தேசியக் கண்ணாடி இழை வலைப்பின்னல் திட்டத்தை ஏற்றது. நாட்டின் சுமார் இரண்டரை இலட்சம் ஊராட்சிகளுக்கும் 100 மெகாபிட் வசதி அளிப்பதே அதன் குறிக்கோள். பிற்பாடு அது பாரத்நெட் எனப் பெயர் பெற்றது. மதிப்பிட்ட காலத்தில் வேலை முடியவில்லை. முதல் கட்டமாகிய ஒரு இலட்சம் ஊராட்சிகளின் பணி 2017 டிசம்பரில்தான் நிறைவு பெற்றது.

ஊராட்சி அலுவலகம் வரை இழை சென்ற இடங்களிலும், அங்கிருந்து வீடுகளுக்குச் செல்லும் கடைசிக் கட்டம் பல இடங்களில் அமையவில்லை. வாய்க்கால் ஊர் எல்லை வரை வந்துவிட்டது. வயலுக்குக் கிளை வெட்டப்படவில்லை எனலாம். இழை அறுந்தால் உடனே சீர்செய்யும் ஏற்பாடும் பல இடங்களில் போதவில்லை.

2023 ஆகஸ்டில் ஏற்கப்பட்ட திருத்திய திட்டத்தில் இதற்கான மாற்றங்கள் வந்தன. ஒதுக்கப்பட்ட தொகை 1,39,579 கோடி ரூபாய். இதில் வளைய அமைப்பு வலியுறுத்தப்பட்டது. அதை எளிதாக விளக்கலாம். ஐந்து ஊர்களை ஒரே நேர்க்கோட்டில் இணைத்தால், முதல் ஊருக்கும் இரண்டாம் ஊருக்கும் இடையே இழை அறுந்ததும் அப்பால் உள்ள நான்கு ஊர்களும் இருளில் மூழ்கும். அவற்றையே மாலைபோல் வளையமாக இணைத்தால் ஓரிடத்தில் அறுந்தாலும் செய்தி மறுபக்கமாகச் சுற்றி வந்து சேரும். பத்தாண்டுப் பராமரிப்பும் திட்டத்திலேயே சேர்க்கப்பட்டது.

தமிழ்நாட்டில் இப்பணியைச் செய்ய தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் ஏற்படுத்தப்பட்டது. 12,525 ஊராட்சிகளுக்கும் குறைந்தது ஒரு கிகாபிட் என்பது இங்கு வகுக்கப்பட்ட குறிக்கோள். நாம் மேலே போட்ட கணக்கின் விடையும் அதுவேயன்றோ! இழையின் பெரும்பகுதியை மின்கம்பங்கள் வழியே கொண்டு செல்லத் திட்டமிட்டனர். இதனால் பள்ளம் தோண்டும் செலவும் காலமும் குறையும். ஆனால் புயற்காற்றில் கம்பம் சாய்ந்தால் இழையும் அறுபடும். கடலோர மாவட்டங்களில் திட்டமிடுவோர் இதை மறக்கலாகாது.

மலைமேல் உள்ள சிற்றூர்களுக்கு இழை இழுப்பது கடினம். அங்கு வானலைக் கோபுரமோ செயற்கைக்கோளோ உதவும். பூமியுடன் ஒத்துச் சுற்றும் செயற்கைக்கோள் ஏறத்தாழ 35,786 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. கேள்வி மேலே சென்று கீழே வந்து, பதிலும் அவ்வாறே திரும்ப அரை விநாடி ஆகும். திரைவழி உரையாடலில் இத்தாமதம் தெரியும். சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் தாழ்வட்டச் செயற்கைக்கோள்களில் இக்குறை பெரிதும் நீங்குகிறது; ஆனால் அவற்றுக்கான கருவியின் விலையை ஏழைக் குடும்பம் தாங்குமா என்று பார்க்க வேண்டும்.

மக்கள் தாமே செய்து காட்டியதும் உண்டு. இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதிக் கிராமங்களுக்குப் பெரிய நிறுவனங்கள் இழை கொண்டு வரத் தயங்கின. 2011-இல் ஊரார் சேர்ந்து தாமே ஒரு கூட்டு அமைப்பை உருவாக்கினர். விவசாயிகள் தம் நிலத்தின் வழியே இழை செல்ல இலவசமாக இடம் அளித்தனர். தொண்டர்கள் பள்ளம் தோண்டினர். வீட்டுக்கு ஒரு கிகாபிட் வேகம் கிடைத்தது. எந்த வீடு எங்கே, எந்த வயல் யாருடையது என்பதை ஊரார் அறிந்திருந்ததே அவர்களது பெரிய மூலதனம்.

யாருக்கு எட்டவில்லை?

மாணவியரே, இப்பகுதியைச் சற்று நின்று படியுங்கள். 2019-21 காலத்தில் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் எப்போதேனும் இணையத்தைப் பயன்படுத்திய ஆண்கள் நூற்றுக்கு 57.1; பெண்கள் 33.3. கிராமங்களை மட்டும் பார்த்தால் ஆண்கள் 48.7, பெண்கள் 24.6. அதாவது கிராமத்துப் பெண்கள் நால்வரில் மூவர் இணையத்தைத் தொட்டதே இல்லை. ஒரே ஊர், ஒரே கோபுரம், ஒரே வீடு. இருந்தும் அண்ணனுக்கு எட்டியது தங்கைக்கு எட்டவில்லை. இந்தக் குறையை வேகம் அளக்கும் எந்தக் கருவியும் காட்டாது. கேட்டால்தான் தெரியும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து பள்ளிகள் மூடியபோது இது வெளிப்படையாயிற்று. போன் இருந்த பிள்ளைகள் படித்தனர்; இல்லாதவர் பின்தங்கினர். 2019-இல் தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சி அவ்வேளையில் பல வீடுகளுக்குப் பாடத்தைக் கொண்டு சேர்த்தது. ஆனால் தொலைக்காட்சியிடம் சந்தேகம் கேட்க முடியாது. கேள்வி கேட்கும் உரிமையும் சேர்ந்ததே கல்வி. அதற்கு இருவழிப் பாதை வேண்டும்.

2019 செப்டம்பரில் கேரள உயர்நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. விடுதியில் குறித்த நேரங்களில் செல்பேசி பயன்படுத்தக்கூடாது என்ற விதியை ஏற்காததால் விடுதியினின்று நீக்கப்பட்ட கல்லூரி மாணவி ஒருவர் வழக்குத் தொடுத்திருந்தார். இணையத்தைப் பயன்படுத்தும் உரிமை கல்வி உரிமையின் பகுதி என்று நீதிமன்றம் கூறி, அவரை மீண்டும் சேர்க்க ஆணையிட்டது. உரிமை என்று ஆனபின், அதை அளந்து பங்கிடுவது சலுகையன்று, கடமை.

ஆகவே திட்டம் தீட்டும்போது பெண்களிடம் தனியே கேட்க வேண்டும். பொது இணைய மையம் பெண்கள் அச்சமின்றிச் சென்று வரும் இடத்தில், அவர்களுக்கு ஏற்ற நேரத்தில் திறந்திருக்க வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுவினர் அதை நடத்தினால் இன்னும் நன்று. இணையத்தில் ஏமாற்றுக்காரர்களும் உண்டு. வங்கி இரகசிய எண்ணை எவருக்கும் சொல்லலாகாது என்பது போன்ற பயிற்சியும் இணைப்போடு சேர்த்தே தரப்பட வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. எனவே வரும் விடுமுறையில் கீழ்க்கண்ட பயிற்சியைச் செய்து பாருங்கள்.

1. உங்கள் தெருவின் வரைபடம் வரைந்து இருபது வீடுகளைக் குறியுங்கள்.

2. பெற்றோரின் அனுமதியுடன், தோழி ஒருத்தியுடன் சேர்ந்து அவ்வீடுகளுக்குச் சென்று, போன் பகலில் யாரிடம் உள்ளது என்று கேட்டு எழுதுங்கள். பெயர்களை எழுத வேண்டா, எண்ணிக்கை போதும்.

3. ஒரு வாரம் மூன்று வேளையும் இணைய வேகத்தை அளந்து அட்டவணை இடுங்கள்.

4. ரேஷன் கடையிலும் சுகாதார நிலையத்திலும் இணையம் எத்தனை முறை தடைப்பட்டது என்று விசாரியுங்கள்.

5. மேலே கண்ட முறைப்படி உங்கள் தெருவின் இரவு எட்டு மணித் தேவையைக் கணக்கிடுங்கள்.

முடிந்ததும் அதை ஒரு தாளில் தெளிவாக எழுதி, பெற்றோர் வழியாகக் கிராம சபையில் படிக்கச் செய்யுங்கள். "எங்கள் ஊருக்கு இணையம் வேண்டும்" என்று கேட்பவருக்குப் பல நேரம் "பார்க்கலாம்" என்பதே விடை. "இரவு எட்டு மணிக்கு எங்கள் தெருவில் அரை மெகாபிட்கூட வரவில்லை, இருபது வீடுகளில் பதினான்கில் பகலில் போன் இல்லை, எங்களுக்கு வேண்டியது இவ்வளவு" என்று கணக்கோடு கேட்பவரை எளிதில் தட்டிக்கழிக்க முடியாது. அந்தக் கணக்கை எழுதும் பேனா இன்று உங்கள் கையில் இருக்கிறது.